மணாலி – லே தனிச் சைக்கிள் பயணம்: அறிகுறி இங்கே, காரணம் அங்கே

இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை, ரோதாங் ஏறும் பழைய வழியில் ஏறத்தாழ 475 கிலோமீட்டர். ரோதாங் (3,978 மீட்டர்), பாரலாச்சா லா (4,890), நகீ லா (4,739), லாச்சுங் லா (5,065), தங்லங் லா (5,328) என ஐந்து கணவாய்கள். இந்தச் சாலையில் இரண்டு முறை தனியாகச் சைக்கிளில் போயிருக்கிறேன், ஒரு முறை ஜூலையிலும் ஒரு முறை செப்டம்பரிலும். ஜூலையில் மணாலிப் பக்கம் பருவமழை கொட்டும். ரோதாங்கைத் தாண்டினால் மழைமறைவுப் பகுதி, புழுதி. செப்டம்பரில் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், இரவில் பாட்டில் தண்ணீர் உறைந்துபோகும். காலையில் வெயிலில் தோல் எரிவதும் மாலையில் ஆலங்கட்டி அடிப்பதும் இரண்டு மாதங்களுக்கும் பொது.

கூடாரத்துக்குள் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் எது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். ஆகவே நோயின் பெயரையோ உதிரிபாகத்தின் பெயரையோ தலைப்பாக வைக்கவில்லை. கண்ணுக்கும் உடம்புக்கும் முதலில் தெரிகிற அடையாளத்தையே வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மலையில் கோளாறு தெரிகிற நேரம் வேறு, அது உண்டான நேரம் வேறு. இரவு பத்து மணி நடுக்கத்துக்குக் காரணம் பிற்பகல் இரண்டு மணி வியர்வை. காலையில் பிடிக்காத சக்கரத்துக்குக் காரணம் முந்தைய மாலை கடந்த ஓடை. எதைக் கண்டாலும் "சில மணி நேரத்துக்கு முன் என்ன செய்தேன்?" என்று கேட்டுவிட்டு, உடல், உடை, கூடாரம், சைக்கிள் என்ற வரிசையில் பாருங்கள். சைக்கிள் உடைந்தால் லாரி வரும், ஏற்றிக்கொள்வார்கள். தனியாகப் போகிறவரின் புத்தி தடுமாறினால் அதைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் கிடையாது.

தலை வலிக்கிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது

3,000 மீட்டருக்கு மேல் வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும் வரை உயரநோய் (மலை உயரத்துக்கு உடம்பு பழகாததால் வருவது) என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப்போலவே நடிக்கும் மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, தண்ணீர்க் குறைவு. நம் ஊரில் வியர்த்தால் சட்டை நனைந்து சொல்லிவிடும். ரோதாங்குக்கு அப்பாலுள்ள லாஹௌலின் வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துபோகும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு, காப்பி. வீட்டில் தினமும் மூன்று டம்ளர் காப்பி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள் மண்டை இடிக்கும். மூன்றாவதுதான் ஆபத்தானது: கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கும் தலைவலி, குமட்டல்தான் அறிகுறி. உடனே வெளியே வாருங்கள்.

பிரித்தறிய நான் செய்வது இது. முக்கால் லிட்டர் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து மெதுவாகக் குடித்து, ஒரு பாரசிட்டமால் போட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்காருவேன். வலி போய்ப் பசியும் திரும்பினால் உயரநோயாக இருக்க வாய்ப்பு குறைவு. வலி நீடித்து, கூடவே சோர்வும் தலைச்சுற்றலும் இருந்தால் உயரநோய்தான். அன்று ஒரு மீட்டர்கூட மேலே ஏறக்கூடாது. அதே உயரத்தில் தங்கியும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். இதில் பேரம் பேசவே இடமில்லை.

இப்போது பின்னால் திரும்பிப் பாருங்கள். கடந்த மூன்று இரவுகளும் எந்த உயரத்தில் தூங்கினீர்கள்? 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. இந்தச் சாலையில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. ஜிஸ்பா 3,200, வழக்கமாக அடுத்து தங்கும் இடமான சிங்சிங்பார் 4,270. ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். இடையில் பட்சியோவில், சுமார் 3,800 மீட்டரில், ஓர் இரவு தங்கியே தீர வேண்டும். சமதரையில் கூடாரம் போட இடமும் நீரும் இருக்கின்றன. கால்களில் தெம்பு இருப்பதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் முறை நானும் தாண்டினேன். தெம்பு கால்களுக்குத்தான், மூளைக்கும் நுரையீரலுக்கும் அது தெரியாது.

2020 அக்டோபரில் ரோதாங்குக்கு அடியே போகும் அடல் சுரங்கம் திறந்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. சைக்கிளை வண்டியில் ஏற்றி, காலைச் சிற்றுண்டி முடித்து மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லாஹௌலுக்குள் வந்துவிடலாம். ரோதாங் ஏறுகிற இரண்டு மூன்று நாட்களில் உடம்பு தானாகப் பழகுவதை இழக்கிறோம். சுரங்கம் வழியே வந்தால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஒரு முழு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

சர்ச்சுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாரலாச்சாவை ஏறி இறங்கிய களைப்பில், 4,290 மீட்டரில் விரிந்து கிடக்கும் அந்தச் சமவெளி சொர்க்கமாகத் தெரியும். அதுதான் பொறி. அங்கே உடல்நிலை மோசமானால் இறங்குவதற்கு வழியே கிடையாது. பின்னால் போனால் 4,890 மீட்டர் பாரலாச்சா; முன்னால் போனால் கட்டா வளைவுகளின் 21 திருப்பங்களும் நகீ லாவும் லாச்சுங் லாவும். எந்தப் பக்கம் இறங்குவதானாலும் முதலில் ஏற வேண்டும். ஆகவே சர்ச்சுவில் தங்கலாமா என்ற முடிவை சர்ச்சுவில் எடுக்க முடியாது. பாரலாச்சா ஏறுவதற்கு முன்பே, சிங்சிங்பாரில் எடுக்க வேண்டும். அங்கே காலை எழும்போது லேசான தலைவலி இருந்தாலும் கணவாயை நோக்கி மிதிக்காதீர்கள்.

முதல் பயணத்தில் நான் மிதித்தேன். அன்றிரவு சர்ச்சுவில் படுத்தால் வலி, எழுந்தால் வாந்தி. பாராசூட் துணிக் கூடாரத்தில் கடை வைத்திருந்த தீதி (அக்கா) என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசவிடாமல் கேலாங் பக்கம் போகும் லாரி ஒன்றை நிறுத்தினார். ஜிஸ்பாவில் இறங்கியபோது வலி பாதியாகியிருந்தது. மூன்று நாள் தங்கித் திரும்ப ஏறினேன்.

தனியாக இருப்பவர் தனக்குத்தானே செய்துகொள்ளக் கூடிய சோதனைகள் இவை. தரையில் ஒரு கோடு இழுத்து, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்துப் பத்தடி நடங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லுங்கள். குழறினாலும் பாதியில் விட்டுவிட்டு வேறெதையோ நினைக்க ஆரம்பித்தாலும் அதே ஐயம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரையோ ரத்தச் சிவப்போ வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, கிடைக்கிற வண்டியில் இறங்குங்கள். கேலாங்கில் மருத்துவமனை இருக்கிறது. லாச்சுங் லாவுக்கு அப்பால் என்றால் பாங் ராணுவ முகாமில் உதவி கேளுங்கள். இரவு படுக்கும் முன் பக்கத்துக் கடைக்காரரிடம் "ஆறு மணிக்கு நான் வெளியே வராவிட்டால் எழுப்புங்கள்" என்று சொல்லி வையுங்கள். எனக்குத் தெரிந்த மிக மலிவான பாதுகாப்புச் சாதனம் அதுதான்.

அசெட்டசோலமைடு மாத்திரையை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மில்லிகிராம் வீதம் இரு வேளை உயரநோய்க்கு முன்தடுப்பாகத் தருவது வழக்கம். சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆபத்தாகலாம். ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

இரவில் மூச்சு நின்றதுபோல் திடுக்கிட்டு விழிக்கிறேன்

உயரத்தில் தூங்கும்போது மூச்சு ஆழமாகி, குறைந்து, சில நொடி நின்று, மறுபடி பெருமூச்சாகத் தொடங்கும். பலருக்கும் இப்படி ஆகும். இது மட்டுமே இருந்தால் பயப்பட வேண்டாம். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். விழித்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியும் மூச்சு சீராகாவிட்டால் மேலே சொன்னதைப் படியுங்கள்.

விரல்கள் மரத்துப்போகின்றன

எந்த விரல் என்று பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் என்றால் ஹேண்டில்பார் உள்ளங்கை நரம்பை அழுத்துகிறது. கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடியுங்கள், இருக்கையின் முன்மூக்கு கீழே சாய்ந்திருந்தால் சமமாக்குங்கள். உடல் எடை முன்னால் சரிவதால்தான் கை அழுந்துகிறது. கைவிரல், கால்விரல், உதடு எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்து, குளிரும் இல்லை என்றால் அசெட்டசோலமைடின் பக்க விளைவு. எல்லா விரல் நுனிகளும் வெளுத்து உணர்வற்றுப் போனால் குளிர். கையை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்கக்கூடாது, அடுப்பு நெருப்பில் காட்டக்கூடாது. உணர்வில்லாத தோல் கருகுவது தெரியாது.

கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் இறக்கத்தில் இறங்காதீர்கள். ஏன் என்று பிரேக் பகுதியில் சொல்கிறேன்.

மழையே இல்லை, ஆனாலும் இறக்கத்தில் உடம்பு வெடவெடக்கிறது

கணவாய்களின் மிகப் பழைய ஏமாற்று வேலை இது. நான்கு மணி நேரம் ஏறும்போது மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டே மிதித்திருப்பீர்கள், தூறல் விட்டு விட்டு வந்ததால் கழற்றச் சோம்பல். உள்ளே பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஏறும்போது உடல் உலைபோல் எரிவதால் தெரியாது. உச்சியைத் தொட்டு, கொடித் தோரணங்களுக்கு நடுவே கால் மணி நேரம் நின்று படம் எடுத்து, பிறகு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், உலை அணைந்துவிட்டது, ஈரம் இருக்கிறது, காற்று வீசுகிறது. மழையில் நனைவதைக் காட்டிலும் உங்கள் வியர்வையில் நனைவது இந்த மலையில் அடிக்கடி நடக்கிறது.

ஏற்றத்தில் லேசாகக் குளிர்கிற அளவுக்கே உடுத்துங்கள். தூறலுக்கெல்லாம் கோட்டு வேண்டாம். கனத்த மழைக்கும் பனிக்கும் மட்டும் போடுங்கள், போட்டால் முன்பக்க ஜிப்பைப் பாதி திறந்து வைத்து வேகத்தைக் குறையுங்கள். உச்சியில் முதல் வேலை, படம் எடுப்பதற்கும் முன்பாக, உலர்ந்த பனியனுக்கு மாறுவது. அந்தப் பனியனை பையின் அடியில் வைக்காதீர்கள். கையை விட்டால் கிடைக்கும் இடத்தில், நீர் புகாத உறையில் இருக்கட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அமுதமான பருத்தி, நனைந்துவிட்டால் இங்கே எமன். மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ போதும்.

ஏற்கெனவே நடுங்க ஆரம்பித்துவிட்டால் நின்றுவிடுங்கள். காற்று மறைவில் ஈர உடையைக் களைந்து, உலர்ந்தது எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, இனிப்பு எதையாவது மெல்லுங்கள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். நடை உள்ளிருந்து சூடேற்றும், இறக்கத்தில் மிதிவண்டி ஏற்றாது. நடுக்கம் தானாக நின்று, தூக்கம் வருவதுபோல் இதமாக இருந்தால் அது குணமல்ல, முற்றிய நிலை. கைகாட்டி வண்டியை நிறுத்துங்கள்.

நல்ல உறக்கப்பைதான்; ஆனாலும் குளிர்கிறது

எந்தப் பக்கம் குளிர்கிறது என்று கவனியுங்கள். முதுகும் இடுப்பும் என்றால் பை குற்றவாளியல்ல, பாய். உடம்புக்கு அடியில் அழுந்திய இறகும் பஞ்சும் வெப்பத்தைக் காக்காது; தரையிலிருந்து காப்பது பாய் மட்டுமே. காற்றடைத்த பாயின் கீழே ஒரு நுரைப் பாயைப் போடுங்கள். அவசரத்துக்கு மழைக்கோட்டு, காலிப் பைகள், வரைபடம் எதுவும் உதவும்.

மேல்பக்கம் குளிர்ந்தால் பை ஈரமாகியிருக்கலாம். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விடும் பழக்கம் உண்டா? இரவு முழுக்க அந்த ஈரம் இறகில் தங்குகிறது. முதல் இரவு தெரியாது, நான்காம் இரவில் தெரியும். பாங்கில் மதிய வெயில் கொளுத்தும்போது ஒரு மணி நேரம் பையைப் பிரித்துச் சைக்கிள்மேல் விரித்துவிடுங்கள். வறண்ட காற்று அதைச் சுக்காகக் காய வைத்துவிடும்.

பாதம் மட்டும் குளிர்ந்தால் வெந்நீர் பாட்டிலைக் காலடியில் வையுங்கள். எல்லாப் பக்கமும் குளிர்ந்தால் சாப்பிட்டீர்களா என்று யோசியுங்கள். உறக்கப்பை சூட்டைத் தருவதில்லை. உங்கள் சூட்டைக் காப்பாற்றுகிறது. படுக்கும் முன் ஒரு பிடி வேர்க்கடலை, வெல்லம்.

கூடாரத்துக்குத் தேர்ந்த இடமும் காரணமாகலாம். ஆற்றோரத்துப் பள்ளம் காற்றில்லாமல் அழகாக இருக்கும், ஆனால் இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர்போல் சரிந்து அங்கேதான் தேங்கும். பதினைந்து இருபது மீட்டர் மேலே ஏறிப் படுத்தாலே வித்தியாசம் தெரியும்.

காலையில் கூடாரத்தின் உட்பக்கம் நனைந்திருக்கிறது

ஒழுகல் என்று முடிவுகட்டித் தையலுக்குப் பசை தேடாதீர்கள். மேல்துணியின் உட்பக்கம் முழுவதும் சீராக ஈரமாகவோ உறைபனியாகவோ இருந்தால் அது உங்கள் மூச்சும் வியர்வையும்தான். தையலையொட்டியோ ஒரே மூலையிலோ மட்டும் சொட்டினால் ஒழுகல். மூச்சு ஈரத்துக்கு மருந்து, குளிர்கிறதே என்று மூடி வைத்த காற்றுத் திறப்பைத் திறந்து வைப்பது. கேட்பதற்கு முரணாக இருக்கும். ஒரு இரவு செய்து பாருங்கள். ஈரத் துணிகளை உள்ளே காயப்போட வேண்டாம். உறைபனி உருகிச் சொட்டுவதற்கு முன், விடியும்போதே துணியைத் தட்டி உதறிவிடுங்கள்.

அடுப்பு திணறுகிறது, பருப்பு வேகவில்லை

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். கேஸ் குப்பியில் பியூட்டேன் இருந்தால் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே அது ஆவியாகத் தயங்கும், சுடர் மங்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பி குளிரைத் தாங்கும். குப்பியை இரவில் உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு, எரியும்போது அடியில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தட்டு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விமானத்தில் குப்பியைக் கொண்டுபோக முடியாது, அதனால் பலர் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ எரிக்கும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். அதில் மஞ்சள் சுடரும் கரியும் வந்தால் முன்சூடு போதவில்லை, அல்லது துளையில் அடைப்பு. ஊசியால் குத்தி எடுங்கள். எரிபொருளை, கேலாங்குக்குச் சற்று முன்னால் வரும் தாண்டி என்ற ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர் தூரத்தில் என்று அறிவிக்கும் அந்தப் பலகையின் முன் நிற்காத பயணி குறைவு.

அடுப்பு நன்றாக எரிந்தும் பருப்பு கல்லாகவே இருந்தால் அடுப்பின்மேல் பழியில்லை. பாங்கின் 4,600 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. பிரஷர் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைக்க முயல்வது எரிபொருளை வீணாக்குவது. நம் வீட்டு அவல் இங்கே ஒப்பற்ற உணவு: வெந்நீர் ஊற்றி மூடினால் ஐந்து நிமிடம், மேலே ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல். வறுத்த ரவை, சத்துமாவு, பொட்டுக்கடலை மாவு எல்லாம் அப்படித்தான். சுவையான உணவு இருந்தால் உயரத்தில் மறையும் பசியும் கொஞ்சம் திரும்பும்.

பிரேக் பிடிக்கவில்லை

முதலில் நின்று, கையைச் சோதியுங்கள். பாரலாச்சாவிலிருந்து இறங்கும்போது "பிரேக் போய்விட்டது" என்று பதறி, நடுச்சாலையில் காலை ஊன்றி நிறுத்தியிருக்கிறேன். பிரேக்குக்கு ஒன்றுமில்லை. விரைத்த விரல்கள் லீவரை அழுத்துவதாக எனக்குத் தோன்றியதே தவிர, பாதி வலுவுக்கு மேல் அழுத்தவில்லை. கையுறைக்குள் விரல் செத்துப்போயிருந்தது. விரல் செத்ததற்குக் காரணம் ஏற்றத்தில் நனைந்த அந்தப் பனியன்.

கை நன்றாக இருந்தால் பிரேக்கைப் பாருங்கள். மழையும் மணலும் கலந்த சேற்றில் ரிம் பிரேக் கட்டைகள் ஒரே இறக்கத்தில் பாதி தேய்ந்துவிடும். கட்டையில் பதிந்த சிறுகற்களைக் கத்தி முனையால் நெம்பி எடுங்கள். டிஸ்க் பிரேக்கில், பிசின் வகைப் பேடுகளைவிட உலோகக் கலவைப் பேடுகள் சேற்றுக்குத் தாக்குப்பிடிக்கும். எந்த வகையானாலும் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு மாற்று ஜோடி பையில் இருக்க வேண்டும். எண்ணெய் பிரேக்கின் லீவர் பஞ்சுபோல் கைப்பிடி வரை வந்தால், சைக்கிளை லாரியில் தலைகீழாக ஏற்றி வந்தீர்களா என்று யோசியுங்கள். நிமிர்த்தி வைத்து லீவரைப் பலமுறை அழுத்தினால், உள்ளே இடம் மாறிய காற்றுக்குமிழி பெரும்பாலும் மேலே திரும்பிவிடும்.

காலையில் மிதித்தால் பெடல் வெறுமனே சுற்றுகிறது

சங்கிலி ஓடுகிறது, பல்சக்கரம் சுற்றுகிறது, பின்சக்கரம் அசையவில்லை. சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள் இருக்கும் சிறு நாக்குகள் உறைந்து படுத்துவிட்டன. நேற்று மாலை ஓடையில் சக்கரம் அச்சு வரை மூழ்கியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஹப்பின்மேல் மெதுவாக ஊற்றி, பல்சக்கரத்தைப் பின்னோக்கிக் கையால் சுற்றுங்கள். 'டிக் டிக்' ஒலி திரும்பினால் சரியாகிவிட்டது. பிறகு வெயிலில் வைத்து, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய். அடுத்த ஓடையில் பின்பக்கத்தைத் தூக்கிக் கடந்துவிடுங்கள்.

டயர் மெத்தென்று இருக்கிறது, ஆரக்கம்பி உடைந்தது, சங்கிலி கீச்சிடுகிறது

டயரில் பஞ்சர் தேடும் முன், பகல் 25 டிகிரி இரவில் மைனஸ் 5 ஆகும்போது உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதை நினையுங்கள். வெயில் ஏறியதும் சரியாகும். உயரத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றை இறக்குவது தவறு. வெளியழுத்தம் குறைவதால் கூடுவது சுமார் 7 பிஎஸ்ஐ மட்டுமே.

ஆரக்கம்பி பெரும்பாலும் பின்சக்கரத்தில், பல்சக்கரப் பக்கம்தான் உடையும். சுமையில் பாதியை முன்பக்கம் மாற்றி, இருபுறக் கம்பிகளைக் கால் திருகு திருகிச் சக்கரத்தை ஓரளவு நேராக்கி, மெதுவாக மிதியுங்கள். பாங்குக்கு அப்பாலுள்ள மோரே சமவெளியின் நாற்பது கிலோமீட்டர் புழுதியில் சங்கிலிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் அரத்தூள். துடையுங்கள், ஒரு சொட்டு விடுங்கள், மறுபடி துடையுங்கள்.

தண்ணீர் வடிகட்டி வேலை செய்கிறது. ஆனாலும் வயிறு கெட்டுவிட்டது

நுண்குழல் வடிகட்டி ஒரே இரவு உறைந்தால் உள்ளே விரிசல் விடும். வெளியே எதுவும் தெரியாது, தண்ணீர் முன்போலவே வரும், கிருமியும் வரும். உறைந்திருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே அதை நம்பாமல் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இரவில் வடிகட்டி, கைப்பேசி, பவர் பேங்க் மூன்றும் உறக்கப்பைக்குள் படுக்க வேண்டும். நாற்பது விழுக்காடு காட்டிய கைப்பேசி பட்டென்று அணைந்தால் அதுவும் குளிர்தான். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் உயிர் பெறும். பிற மாநில ப்ரீபெய்டு எண் லடாக்கில் இயங்காது, போஸ்ட்பெய்டு எடுத்து வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்களுக்கு ஒன்று: செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் கைதாக நேரிடும்.

காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை தொடை வரை வந்துவிட்டது

பனி உருகும் நீருக்கு நேரக் கணக்கு உண்டு. பகல் வெயில் மேலே உருக்கியது பிற்பகலிலும் மாலையிலும்தான் சாலைக்கு வந்து சேரும். விடியற்காலையில் மிகக் குறைவு. தார்ச்சாவுக்கும் பாரலாச்சாவுக்கும் நடுவே ஓர் ஓடைக்குப் 'பாகல் நாலா', பைத்திய ஓடை, என்றே பெயர். மாலையில் வந்து சேர்ந்தால் கரையிலேயே, நீர்மட்டத்துக்கு நன்கு மேலே, கூடாரம் போட்டுவிட்டு விடியலில் கடங்கள். பைகளைக் கழற்றித் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். சைக்கிளைத் தள்ளும்போது அது நீர் போகும் பக்கம் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் வெள்ளம் அதை உங்கள் கால்மேல் சாய்க்கும். அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் இறங்காதீர்கள், லாரிக்காரரிடம் கேளுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

இடி கேட்கிறது

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது நொடிக்குள் இருந்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உச்சியை விட்டு இறங்குங்கள். கூடாரமும் பாராசூட் துணிக் கடையும் பாதுகாப்பல்ல. உலோகக் கூரையுள்ள வண்டி பாதுகாப்பானது. மோரே சமவெளியில் நீங்கள்தான் உயரமான பொருள். அங்கே பிற்பகல் எதிர்காற்றும் முகத்தில் அறையும் என்பதால், விடியலில் கிளம்பி மதியத்துக்குள் சமவெளியின் மறுமுனையிலுள்ள டெப்ரிங் சேர்ந்துவிடுவது இரண்டுக்கும் தீர்வு.

உயரமானி தவறாகக் காட்டுகிறது

நேற்று மாலை ஆறு மணிக்கு 4,290 காட்டியது. கூடாரம் நகரவில்லை, இன்று மாலை ஆறு மணிக்கு 4,330. கடிகாரத்தைத் திட்டாதீர்கள். காற்றழுத்தத்தை வைத்துத்தான் அது உயரத்தைக் கணக்கிடுகிறது. இந்த உயரத்தில் ஒரு மில்லிபார் குறைந்தால் பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர் கூடுதலாகக் காட்டும். நாற்பது மீட்டர் என்றால் மூன்று மில்லிபார் சரிந்திருக்கிறது, வானிலை மாறுகிறது. அழுத்தம் பகலிலும் இரவிலும் இயல்பாகவே ஏறி இறங்கும் என்பதால் ஒரே மணியில் எடுத்த அளவுகளையே ஒப்பிடுங்கள்.

மாறினால் எப்படி மாறும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் போதும். 2018 செப்டம்பர் பிற்பாதியில் லாஹௌலில் பருவம் தப்பி விழுந்த பனியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு மணாலிச் சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. அதே நாட்களில் சந்திரதால் ஏரியருகே சுற்றுலாப் பயணிகள் பனியில் மாட்டினார்கள். ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெறும் லேயில் 2010 ஆகஸ்டில் ஒரே இரவு வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

என் இரண்டாம் பயணத்தில் சர்ச்சுவில் ஒரு காலை, கடிகாரம் முந்தைய காலையைவிட ஐம்பது மீட்டர் கூடுதலாகக் காட்டியது. தெற்கே மலைமுகடுகள் மேகத்துக்குள் போயிருந்தன. லாரி ஓட்டுநர்கள் இஞ்சினை அணைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்த கூடாரத்தைத் திரும்பப் போட்டேன், முளைகளின்மேல் கல் வைத்தேன், கயிறுகளை இழுத்துக் கட்டினேன், தீதியின் கடையில் போய் ராஜ்மா சாதம் சாப்பிட உட்கார்ந்தேன். பகல் பதினோரு மணிக்குப் பனி விழத் தொடங்கியது. மறுநாள் பிற்பகல் வரை யாரும் கட்டா வளைவுகளில் ஏறவில்லை.